கையடக்க வீடியோ கேம்: வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆண்டு விடுமுறை நெருங்கிவிட்டால் பல வீடுகளில் ஒரு வழக்கு தொடங்கிவிடும். வாதி பிள்ளை, நீதிபதி தந்தை அல்லது தாய், வழக்குப் பொருள் ஒரு கையடக்க வீடியோ கேம். "எல்லோரிடமும் இருக்கிறது" என்பது வாதியின் வாதம். "விலையைப் பார்த்தாயா?" என்பது நீதிபதியின் மறுமொழி. இந்த வழக்கில் இருதரப்பும் அழைக்க மறந்துவிடும் சாட்சி ஒருவர் உண்டு. அவர் பெயர் இயற்பியல்.

ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கக்கூடிய பொருள் இது. விளம்பரத்தில் உள்ள எண்களின் பொருள் தெரியாமல் அதை வாங்குவது, தராசைப் பார்க்காமல் தங்கம் வாங்குவது போன்றதே. பத்தாம் வகுப்புப் பாடத்தில் உள்ள மின்னியலும் ஒளியியலும் தெரிந்தால் போதும். அந்த எண்களை நாமே சோதித்துவிடலாம்.

ஒரு பழைய போட்டி

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம் வெளியிட்ட கார்ப் பந்தய விளையாட்டுதான் இவ்வகைக் கருவிகளின் முன்னோடி. அதில் கார் என்பது சிவப்பாக ஒளிரும் சிறு கோடு மட்டுமே. 1979இல் வந்த மைக்ரோவிஷன் என்ற கருவியில் திரவப் படிகத் திரை இருந்தது. அத்திரையில் 16 வரிசை, வரிசைக்கு 16 புள்ளி, ஆக 256 புள்ளிகளே இருந்தன. 1980இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், கால்குலேட்டர்களுக்காக மலிவாகக் கிடைத்துவந்த திரைகளையும் சில்லுகளையும் கொண்டு, கடிகாரமும் விளையாட்டும் சேர்ந்த சிறு கருவிகளைச் செய்தது. இதை வடிவமைத்தவர் குன்பெய் யோகோய். புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் துரத்தாமல், பழகித் தேர்ந்து விலை குறைந்துவிட்ட ஒன்றைப் புதிய வேலைக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

1989இல் அக்கொள்கைக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. அவ்வாண்டு நின்டெண்டோ 'கேம் பாய்' கருவியை வெளியிட்டது. வண்ணமில்லை, திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை, நான்கே சாயல்கள் கொண்ட மங்கலான திரை. அதே ஆண்டு அடாரி நிறுவனத்தின் 'லிங்க்ஸ்' வந்தது. அதில் வண்ணத் திரை, பின்னால் சிறு ஒளிர்குழல், கண்ணைப் பறிக்கும் படங்கள். கடையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எதை விரும்புவார்? லிங்க்ஸைத்தான்.

ஆனால் வீட்டுக்குச் சென்றபின் கணக்கு மாறியது. சுவர்க்கடிகாரத்தில் போடுகிறோமே, அந்த அளவு செல்கள் நான்கில் கேம் பாய் சுமார் 15 மணி நேரம் ஓடியது. லிங்க்ஸோ ஆறு செல்களை 4, 5 மணி நேரத்தில் காலி செய்தது. கேம் பாயும் அதன் வண்ணத் தம்பியும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கு மேல் விற்றன. நல்ல விளையாட்டுகள் அமைந்ததும் குறைந்த விலையும் இதற்குக் காரணங்கள்தாம். எனினும் செல் வாங்கியே கை சலித்தவர்களின் அனுபவத்தையும் மறுப்பதற்கில்லை.

பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

எனவே முதல் கேள்வி பாட்டரியைப் பற்றியதே. விளம்பரங்களில் '5000 மில்லி ஆம்பியர்-மணி' என்று பெரிய எழுத்தில் இருக்கும். இது மின்னூட்டத்தின் அளவேயன்றி ஆற்றலின் அளவு அன்று. ஆற்றலை அறிய அதை வோல்ட்டால் பெருக்க வேண்டும். லித்தியம் பாட்டரியின் சராசரி மின்னழுத்தம் சுமார் 3.7 வோல்ட். ஆகவே 5 ஆம்பியர்-மணி × 3.7 வோல்ட் = 18.5 வாட்-மணி. குடத்தில் உள்ள தண்ணீர் இதுதான். கருவி எத்தனை வாட் இழுக்கிறது என்பது குழாயின் வேகம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் நேரம் கிடைக்கும்.

ஓர் உண்மையான எடுத்துக்காட்டைக் காண்போம். 2017இல் வெளிவந்த 'ஸ்விட்ச்' கருவியின் பாட்டரி 4310 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 16 வாட்-மணி. விளையாட்டைப் பொறுத்து இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் அறிவித்தது. 2019இல் அதே கருவியின் திருத்திய வடிவம் வந்தது. வெளித்தோற்றம் அதே, பாட்டரியின் கொள்ளளவும் அதே. ஆனால் நேரம் நாலரை முதல் ஒன்பது மணியாக உயர்ந்தது! இது எப்படி?

குடம் மாறவில்லை, குழாய் மாறியது. சில்லின் உள்ளே கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர் சாவிகள் நொடிக்குப் பல கோடி முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு மிகச் சிறிய மின்தேக்கியை நிரப்பிக் காலி செய்யும் வேலை நடக்கிறது. இதற்கான ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1 வோல்ட்டில் இயங்கும் சில்லை 0.8 வோல்ட்டில் இயக்க முடிந்தால், செலவு 0.8 × 0.8 = 0.64 பங்காகக் குறையும். 20 சதவீத மின்னழுத்தக் குறைவு 36 சதவீத ஆற்றலை மிச்சப்படுத்துகிறது. 20 நானோமீட்டர் எனப்படும் முறையில் செய்யப்பட்ட சில்லுக்குப் பதிலாக 16 நானோமீட்டர் முறையில் செய்த சில்லை வைத்ததால் மின்னழுத்தமும் மின்கசிவும் குறைந்தன. ஒரே பெயரில் விற்கும் இரண்டு கருவிகளுக்கு இடையே இவ்வளவு வேறுபாடு! ஆகவே பெயரை மட்டும் கேட்காதீர்கள். மாதிரி எண்ணையும் கேளுங்கள். பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்குவோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெரிய பாட்டரியே நல்லது என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். 2022இல் வந்த 'ஸ்டீம் டெக்' கணினி விளையாட்டுகளையே கையில் ஓட்டக்கூடியது. அதன் பாட்டரி 40 வாட்-மணி. ஆனால் அதன் முதன்மைச் சில்லு மட்டும் 15 வாட் வரை இழுக்கும். திரை, விசிறி முதலியவற்றின் செலவு தனி. கடினமான விளையாட்டுகளில் அது இரண்டு மணி நேரம் தாங்கினால் பெரிது. எடை 669 கிராம்; 398 கிராம் எடையுள்ள முதல் ஸ்விட்சைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். முழங்கையிலிருந்து ஓரடி தள்ளி இந்த எடையை ஏந்தினால் உண்டாகும் திருப்புத்திறனை மணிக்கட்டும் தோளும் சுமக்க வேண்டும். எனவே கடையில் ஒரு நிமிடம் அல்ல, பத்து நிமிடம் கையில் பிடித்துப் பாருங்கள்.

திரையில் எத்தனை புள்ளிகள் தேவை?

1280 × 720 என்றால் 9,21,600 புள்ளிகள். 1920 × 1080 என்றால் 20,73,600 புள்ளிகள்; சரியாக 2.25 மடங்கு. புள்ளிகள் கூடினால் ஒவ்வொன்றின் நிறத்தையும் கணக்கிட வேண்டிய சில்லுக்கு வேலை கூடும். பாட்டரி விரைவில் தீரும். அதற்குத் தகுந்த பலன் நம் கண்ணுக்குக் கிடைக்கிறதா?

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியுள்ள இரு புள்ளிகளைப் பிரித்துணரும். 40 சென்டிமீட்டர் தொலைவில் இது சுமார் 0.12 மில்லிமீட்டர், 30 சென்டிமீட்டரில் சுமார் 0.09 மில்லிமீட்டர். முதல் ஸ்விட்ச் கருவியின் 6.2 அங்குலத் திரையில் புள்ளிகளின் இடைவெளி 0.107 மில்லிமீட்டர். 2025இல் வந்த 'ஸ்விட்ச் 2' கருவியின் 7.9 அங்குலத் திரையில் 0.091 மில்லிமீட்டர். இரண்டுமே கண்ணின் எல்லைக்கு அருகில் வந்துவிட்டன. இத்தகைய சிறு திரையில் இதைவிடப் பல மடங்கு புள்ளிகள் என்று யாரேனும் பெருமை பேசினால், அந்தப் பெருமைக்கு நீங்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை.

திரைகள் இருவகை. திரவப் படிகத் திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் உள்ள படிகங்கள் கதவுகளைப் போல ஒளியை விடும் அல்லது தடுக்கும். கதவு முழுவதும் மூடாததால் கறுப்பு நிறம் சற்றுச் சாம்பலாகத் தெரியும். மற்றொன்று கரிம ஒளி உமிழ் டையோடுத் திரை. இதில் ஒவ்வொரு புள்ளியும் தனி விளக்கு. கறுப்பு வேண்டிய இடத்தில் விளக்கு அணைந்தே இருக்கும். அங்கே மின்செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஒரே படம் நெடுங்காலம் ஒரே இடத்தில் நின்றால் அந்தப் புள்ளிகள் சீக்கிரம் களைத்து, தழும்புபோல் நிழல் பதியக்கூடும்.

குச்சி ஏன் தானே நகர்கிறது?

கட்டைவிரலால் அசைக்கும் குச்சியை யாரும் தொடாதபோதே கதாநாயகன் தானாக நடக்கத் தொடங்குவது இக்கருவிகளில் பரவலான நோய். குச்சியின் அடியில் ஆய்வுக்கூடத்தில் நாம் காணும் மாறுமின்தடையின் குட்டி வடிவம் இரண்டு இருக்கும். கரிப்பூச்சின்மீது ஓர் உலோக விரல் உராய்ந்து நகரும். மின்னழுத்தத்தை அளந்து குச்சியின் நிலையைக் கருவி அறியும். பல லட்சம் உராய்வுகளுக்குப் பின் பூச்சு தேயும், தூசி சேரும், நடுநிலை தவறும்.

இதற்கு மாற்று 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவில் இருக்கிறது. மின்னோட்டம் செல்லும் தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் இருந்தால், தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். குச்சியில் ஒரு சிறு காந்தத்தைப் பொருத்தினால் தொடாமலே அதன் நிலையை அளக்கலாம். உராய்வு இல்லை, எனவே அந்த வழியில் தேய்மானமும் இல்லை. 'இதில் ஹால் உணரி உள்ளதா? இல்லையெனில் குச்சியைத் தனியே மாற்ற முடியுமா, என்ன செலவாகும்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் அவசரப்பட வேண்டாம்.

விளையாட்டு யாருக்குச் சொந்தம்?

கருவியின் விலை முதல் செலவு மட்டுமே. நினைவகத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 256 கிகாபைட் என்று பெட்டியில் எழுதியிருப்பதைச் சில கருவிகள் 238 என்று காட்டும். யாரும் திருடவில்லை. தயாரிப்பவர் ஒரு கிகாபைட்டை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். கருவியோ 2இன் 30ஆம் அடுக்கு, அதாவது 107 கோடியே 37 லட்சம் பைட் என்று எண்ணுகிறது. கருவியை இயக்கும் நிரல் பிடிக்கும் இடம் வேறு. கூடுதல் அட்டை வாங்கும்போதும் வகை பார்த்து வாங்க வேண்டும். ஸ்விட்ச் 2இல் விளையாட்டுகளைச் சேமிக்க 'மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ்' என்ற வேகமான அட்டையே வேண்டும்; வீட்டில் உள்ள பழைய மைக்ரோ எஸ்.டி. அட்டை அதற்கு உதவாது.

அட்டையாக வாங்கும் விளையாட்டைத் தோழனுக்கு இரவல் தரலாம், விற்கலாம். இணையம் வழியே வாங்குவதை அப்படிச் செய்வது எளிதன்று. மேலும் அது நிறுவனத்தின் கடை திறந்திருப்பதையே நம்பி இருக்கிறது. நின்டெண்டோவின் 3டிஎஸ் கருவிக்கான இணையக் கடையில் புதிதாக வாங்கும் வசதி 2023 மார்ச் 27 அன்று நிறுத்தப்பட்டது. கருவி கையில் நன்றாக இருந்தும், அந்தக் கடையில் மட்டுமே கிடைத்த விளையாட்டுகளை அதன்பின் வாங்க வழியில்லை.

'ஒரே கருவியில் 400 விளையாட்டுகள்' என்று மலிவாக விற்பவையும் உண்டு. அவற்றில் பல, 1980களின் விளையாட்டுகளை உரிமையின்றி நகலெடுத்தவை. ஒரே விளையாட்டு வேறு வேறு பெயரில் பலமுறை வருவதும் உண்டு. விலை மலிவு என்பதைவிடக் கவலை தருவது உள்ளே இருக்கும் பாட்டரி. லித்தியம் பாட்டரி அளவுக்கு மேல் மின்னேறாமல் காக்கும் சுற்று இல்லாவிட்டால் தீப்பிடிக்கக்கூடும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறி மின்னேற்றியிலும் பாட்டரியிலும் உள்ளதா என்று பாருங்கள். பாட்டரி உப்பியிருந்தால் அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. கருவியை அணைத்துப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். தலையணைமீது வைத்து விளையாடிக் காற்றுத் துளைகளை அடைப்பதும் தவறு. கருவி இழுக்கும் 15 வாட்டும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும்.

இத்தனையும் கேட்ட பிறகு, 'இப்போது வேண்டாம்' என்ற முடிவுக்கும் நீங்கள் வரலாம். அதுவும் நல்ல முடிவே. வீட்டிலுள்ள கணினியோ கைபேசியோ போதும் என்று கணக்கே சொன்னால், கணக்குக்குக் கட்டுப்படுவதில் வெட்கம் இல்லை.

செய்து பாருங்கள்

1. ஒளியை முனைவாக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கால்குலேட்டர் திரைக்கு முன் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை முழுவதும் இருண்டுவிடும். ஏன்?

2. உங்கள் வீட்டுக் கைபேசியின் பாட்டரியில் உள்ள எண்களைக் கொண்டு அதன் வாட்-மணியைக் கணக்கிடுங்கள். அது 3 வாட் செலவிட்டால் எத்தனை மணி நேரம் ஓடும்?

3. ஒரு கருவியின் விலையோடு, ஓராண்டில் வாங்க எண்ணும் விளையாட்டுகள், நினைவக அட்டை ஆகியவற்றின் விலையைக் கூட்டி 12ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் விடையை ஒரு தாளில் எழுதி, கடைக்குப் போகுமுன் வீட்டில் காட்டுங்கள்.