எந்த வலையும் மாற வேண்டாம்!

1973-இல் அமெரிக்காவின் அர்பாநெட் என்ற கணினி வலை நார்வேயையும் லண்டனையும் எட்டிவிட்டது. ஆனால் அது ஒரே வலையின் நீட்சிதான். வானொலி வலை, செயற்கைக்கோள் வலை என மற்றவை தத்தம் வேகத்தில், தத்தம் விதிகளோடு இயங்கின. இவற்றை எப்படி இணைப்பது?

கணினி அறிஞர்கள் வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் சொன்ன விடை துணிச்சலானது. எந்த வலையும் உள்ளே மாற வேண்டாம். எல்லையில் ஒரு கணினி நின்று தகவல் பொட்டலங்களைக் கைமாற்றினால் போதும். வழியில் பொட்டலம் தொலைந்தால்? மீண்டும் அனுப்புவது முனையிலுள்ள கணினியின் வேலை. (இதைப் பிரான்சின் லூயி பூசான் தம் சிக்ளாட் வலையில் முன்பே கையாண்டார். அவருக்குரிய புகழ் கிடைக்கவில்லை என்பேன்.)

1977 நவம்பர் 22 அன்று, கலிபோர்னியாவில் ஒரு வேனிலிருந்து கிளம்பிய பொட்டலங்கள் மூன்று வலைகள் வழியே அட்லாண்டிக்கைக் கடந்து கலிபோர்னியாவுக்கே திரும்பின. 1983 ஜனவரி 1 முதல் அர்பாநெட்டும் இம்முறைக்கு மாறியது. பின்னர் இணையத்தில் சேர்ந்த நாடுகள் தங்கள் கம்பிகளை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கணினிகளுக்குத் தர வேண்டிய முகவரிக் கணக்கில்தான் கோட்டைவிட்டார்கள். 32 பிட்டில் சுமார் 430 கோடி முகவரிகளே கிடைக்கும். 2011 பிப்ரவரியில் மையக் கையிருப்பு தீர்ந்துபோனது.