விருந்தினரை ஏற்கும் கமங்கள்
இத்தாலியின் தொஸ்கானாவில் நான்கு நாட்கள்

கடற்கரையும் இல்லாத, பெரிய விடுதியும் இல்லாத ஓர் இடத்துக்கு, ஓர் உழவர் வீட்டில் தங்கி அந்த வீட்டுச் சாப்பாட்டை உண்டு அந்தத் தோட்டத்து வைனைக் குடிப்பதற்காக மட்டும், பல நாட்டு மக்கள் பணம் கட்டிப் போகிறார்கள். இத்தாலியர் இதனை 'அக்ரித்துரிஸ்மோ' என்கிறார்கள். கமத்து விருந்தோம்பல் என்று நாம் சொல்லலாம். 2023 ஒக்டோபர் மாதத்தில், ஒரு கூட்டத்துக்காக உரோமாபுரி சென்ற நாங்கள் நால்வர், நான்கு நாட்களை மிச்சம் பிடித்து அத்தகைய வீடொன்றில் தங்கினோம். எமது வாசகர்கள் காணியோடு வாழ்ந்தவர்கள். ஆகவே ஊர் பார்த்த கதையைச் சுருக்கி, காணியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

நாம் தங்கிய வீடு தொஸ்கானா மாநிலத்தில், சியெனா நகருக்குத் தெற்கே, ஓர்ச்சா பள்ளத்தாக்கில் உள்ளது. சிறு குன்றுகள், அவற்றின் மேல் கோதுமை நிலம், சரிவுகளில் முந்திரிகையும் ஒலிவ மரமும், வீட்டுக்குப் போகும் பாதையோரம் நெட்டையான சைப்பிரஸ் மரங்கள். 2004இல் இப்பள்ளத்தாக்கு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வருகிறவர்கள் வீதியோரம் வாகனத்தை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். ஆனால் நூறு வருடத்துக்கு முன் இங்கே பல இடங்கள் மழை அரித்த வெறும் களிமண் மேடுகள்தாம். மேட்டை வெட்டிச் சமன் செய்தவர்களும், நீர் ஓட வாய்க்கால் வெட்டியவர்களும், புல் விதைத்து மண்ணைப் பிடித்தவர்களும் குடியானவர்களே.

வீடு கல்லால் கட்டிய இரண்டு மாடி. கீழ்த்தட்டு முன்பு மாட்டுக்கொட்டில். மாடுகளின் சூடு மேலே ஏறிக் குளிர்காலத்தில் குடும்பத்துக்கு உதவும் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்களாம். இன்று அது விருந்தினர் சாப்பிடும் அறை. சுவரோடு இருந்த புல்லுத்தொட்டியை அவர்கள் உடைக்கவில்லை. அதற்குள் வைன் போத்தல்கள் படுத்திருக்கின்றன.

முதல் நாள் இரவு கிடைத்தது ஒரு கெட்டியான சூப். வெள்ளை அவரை விதை, கரும்பச்சை இலைக்கோவா, பழைய பாண், மேலே புதிய ஒலிவ எண்ணெய். 'ரிபொல்லித்தா' என்று பெயர். மறுபடி கொதிக்க வைத்தது என்று பொருள். முதல் நாள் மிஞ்சியதை அடுத்த நாள் சூடாக்கி உண்ட வீடுகளின் சாப்பாடு அது. கோடையில் காய்ந்த பாணை நீரில் நனைத்துப் பிழிந்து தக்காளி, வெங்காயம், வினாகிரி சேர்த்து உண்பார்களாம். அதுவும் அதே கதைதான். இறைச்சி வாங்க வழியில்லாத குடும்பங்கள் கண்டுபிடித்த உணவை இன்று நகரத்தவர் தேடி வந்து விலை கொடுத்து உண்கிறார்கள். இங்குள்ள பாணில் உப்புப் போடுவதில்லை. அது எமக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உப்புச் செறிந்த ஆட்டுப்பாற்கட்டியோடு சேர்த்து உண்டபோது காரணம் விளங்கியது.

முந்திரிகைக் கொடியை யாழ்ப்பாணத்தில் பந்தலில் ஏற்றுவோம். அங்கே வரிசையாகத் தூண் நட்டு, கம்பி இழுத்து, இடுப்பளவிலேயே வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் கொடியை ஒட்ட வெட்டி விடுவார்கள். சன்ஜொவேசே என்ற கறுத்தப் பழமே பெரும்பாலும். செப்டெம்பர், ஒக்டோபரில் பறித்து, தோலோடு சேர்த்தே புளிக்க விடுகிறார்கள். வைனுக்கு நிறம் தருவது தோல்தான், சாறு அல்ல. இவ்வீட்டில் பறிப்பு முடிந்திருந்தது. மேல்மாடிப் பரணில் மட்டும் சில குலைகள் கயிற்றில் தொங்கின. அவற்றை வற்ற விட்டுப் பிழிந்து, சிறு பீப்பாக்களில் அடைத்து, மூன்று வருடமாவது திறக்காமல் வைத்தால் 'வின் சாந்தோ' என்ற இனிப்பு வைன் கிடைக்கும். பாதாம் விசுக்கோத்தை அதில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள்.

இனிக் காணிக்கு வருவோம். வீட்டுப் பெரியவருக்கு 83 வயது. அவர் பிறந்தபோது இந்த வீடும் நிலமும் அவர்களுடையதல்ல. தொஸ்கானாவின் பெரும்பகுதி பல நூற்றாண்டுகளாக 'மெட்சாத்ரியா' என்ற முறையில் இருந்தது. நம்மிடையே வாரத்துக்கு நிலம் செய்வதைப் போன்றது. நிலமும் வீடும் முதலாளியுடையவை, உழைப்பு குடியானவருடையது, விளைவு இருவருக்கும் பாதிப்பாதி. சூடு மிதிக்கும் நாளில் முதலாளியின் விதானையார் களத்தில் நின்று சாக்குகளை எண்ணுவார். பெருநாட்களில் கோழியும் முட்டையும் வேறாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குக் கலியாணம் பேசவும் முதலாளியின் சம்மதம் வேண்டியிருந்தது. கணக்குப் புத்தகமும் அவர்களிடமே இருந்தபடியால், நல்ல விளைச்சல் கண்ட வருடத்திலும் குடியானவர் கடன்காரராகவே நின்றார்.

போர் இந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தது 1944 ஜூன் மாதத்தில். லா ஃபோச்சே என்ற பெரிய கமத்தின் உரிமையாளர்களான ஐரிஸ் ஒரிகோவும் அவருடைய கணவரும், வடக்கு நகரங்களில் குண்டுவீச்சுக்குத் தப்பிய சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக் காத்து வந்தார்கள். போர்முனை வீட்டு வாசலுக்கே வந்ததும், ஏறக்குறைய 60 பேர், கைக்குழந்தைகள் உட்பட, கண்ணிவெடி புதைத்த வீதியால் மொந்தெபுல்ச்சானோ பட்டினத்துக்கு நடந்தார்கள். பட்டின மக்கள் எதிர்கொண்டு வந்து, களைத்த பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தத்தம் வீடுகளில் இடம் கொடுத்தார்கள். ஒரிகோ அம்மையார் எழுதிய நாட்குறிப்பு 1947இல் நூலாக வந்தது. அவரும் பாதி வாரம் வாங்கிய முதலாளிதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போர் முடிந்து திரும்பியவர்கள் பழைய பாதிப் பங்குக்குச் சம்மதிக்கவில்லை. போராட்டங்களின் பின் குடியானவர் பங்கு 53 வீதமாயிற்று. 1964இல் வந்த சட்டம் அதனை 58 வீதமாக்கி, புதிதாக வார ஒப்பந்தம் எழுதுவதையே தடை செய்தது. ஆனால் அதற்குள் இளையவர்கள் வெளியேறத் தொடங்கிவிட்டார்கள். 1951இல் இத்தாலியில் உழைப்போர் நூறு பேரில் நாற்பது பேருக்கு மேல் விவசாயிகள். 1971இல் இருபது பேரும் இல்லை. பெரியவரின் தமையன்மார் இருவரும் புளோரன்சுக்கும் மிலானுக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். குன்றுக்குக் குன்று வீடுகள் பூட்டப்பட்டன, கூரை ஓடுகள் விழுந்தன. சார்டினியாத் தீவிலிருந்து ஆடுகளோடு வந்த மேய்ப்பர்கள் வெறுமையான காணிகள் சிலவற்றை எடுத்தார்கள். இன்று பெயர்பெற்ற ஆட்டுப்பாற்கட்டியில் அவர்களுடைய கையும் உண்டு.

இந்தக் குடும்பம் எப்படி நிலைத்தது? 1965இல் வந்த சட்டமொன்று, நிலம் விற்கப்பட்டால் அதை உழுதுகொண்டிருப்பவரிடமே முதலில் கேட்க வேண்டும் என்றது. வாங்குவதற்கு 40 வருடத் தவணையில், 1 வீத வட்டியில் கடனும் கிடைத்தது. பெரியவரின் தகப்பனார் 1967இல் கையெழுத்திட்டார். கடைசித் தவணை கட்டப்பட்டது 2007இல், மகன் கையால். அந்தச் சட்டம் வரும்வரை பொறுக்க முடியாமல் போனவர்களே அதிகம். அவர்களுடைய வீடுகளைப் பின்னர் வாங்கியவர்கள் நகரத்துச் செல்வர்களும் வெளிநாட்டாரும். வடக்கே கியாந்திப் பகுதியில் ஆங்கிலேயர் வாங்கிக் குவித்ததால் ஆங்கிலக் கோட்டம் ஒன்றின் பெயரைப்போல அதற்குப் பகிடிப் பெயரே வைத்துவிட்டார்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று தம் பாட்டனார் பிறந்த வீட்டிலேயே வாடகை கொடுத்து விடுமுறைக்குத் தங்குகிறார்கள். இதைச் சொல்லும்போது பெரியவர் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

1985 ஜனவரியில் தொஸ்கானாவில் கடும் உறைபனி விழுந்து ஒலிவ மரங்களில் பெரும்பாலானவை கருகின. அடியோடு வெட்டினார்கள். வேர் சாகவில்லை. ஒரே அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டு பிரிந்து நிற்கும் மரங்களை இன்றும் காணலாம். எண்ணெய் இல்லாத அந்த வருடங்களில் வேறொரு வருமானம் தேவைப்பட்டது. அதே வருடம் டிசெம்பரில்தான் கமத்து விருந்தோம்பலுக்கான 730ஆம் இலக்கத் தேசியச் சட்டம் வந்தது. 2006இல் வந்த 96ஆம் இலக்கச் சட்டம் அதற்குப் பதிலானது. விதிகள் கமக்காரருக்குச் சாதகமானவை. விருந்தினர் வருமானத்துக்காகக் கமத்தைக் கைவிடக் கூடாது, விவசாய வேலையே முதன்மையாக இருக்க வேண்டும். அதனைப் பணத்தால் அல்ல, வேலை செய்த நேரத்தால் அளக்கிறார்கள். விருந்தினர் பத்துப் பேருக்கு மேற்படாவிட்டால் அந்தக் கணக்கும் கேட்கப்படுவதில்லை. கமத்தில் முன்னரே உள்ள கட்டிடங்களையே பயன்படுத்தலாம். மேசையில் வைக்கும் உணவில் அந்தக் கமத்தினதும் அயல் கமங்களினதும் விளைபொருளே முக்கிய இடம் பெற வேண்டும்.

இன்று நாடு முழுவதும் இத்தகைய கமங்கள் 25,000க்கு மேல். ஏறக்குறைய மூன்றில் ஒன்றைப் பெண்களே நடத்துகிறார்கள். நாம் தங்கிய வீட்டிலும் பொறுப்பு மருமகளிடம். எண்ணெயையும் பாற்கட்டியையும் வீட்டு வாசலிலேயே விற்கிறார், தரகர் இல்லை. கோதுமையை மட்டும் நம்பியிருந்தால் மகன் இங்கே இருந்திருக்க மாட்டான் என்றார். அறை நான்கு, கட்டில் எட்டு.

மகனுக்கு அது போதாது. இன்னும் இரண்டு அறை எடுக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். சட்டப்படி இருக்கும் கட்டிடத்தைத்தான் மாற்றலாம் என்பதால், அவன் கண் பன்றிக்கொட்டிலின் மேல். அதில் இருப்பவை கறுப்பு உடலில் தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டி ஓடும் சியெனாப் பன்றிகள். ஒரு காலத்தில் அற்றுப்போகும் நிலைக்கு வந்த இனம். நாம் புறப்பட்ட நாள் காலையிலும் தாயும் மகனும் அதைப் பற்றியே வாதாடினார்கள். மகன் நீளமாகக் கணக்குச் சொன்னான். தாய் பாண் வெட்டிக்கொண்டே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்ப பன்றிகளை எங்கே விடுகிறது?"