ஒரே நேரத்தில் கிளம்பும் மோட்டார்கள்

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், திருவண்ணாமலைப் பெரிய தேர் நிலையை விட்டுக் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் அடி நகர்வதுதான் கஷ்டம். உருள ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு பாரம் தெரியாது. கிணற்று மோட்டார் கிளம்பும்போது அதிகக் கரண்ட் இழுப்பதும் இதனால்தான் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எங்க மோட்டார் காயில் எரிந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நான் நினைத்தது தப்பு. பம்பைக் கழற்றிவிட்டு வெறும் மோட்டாரைப் போட்டாலும் முதல் கணத்தில் அதே கரண்ட்தான் இழுக்கும். பாரம் இருந்தால் அந்த இழுப்பு கூடுதல் நேரம் நீடிக்கும், அவ்வளவுதான்.

காரணம் உள்ளே இருக்கிறது. 3 பேஸ் கரண்ட் ஸ்டேட்டார் காயிலுக்குள் போனதும் ஒரு காந்தப்புலம் சுழல ஆரம்பிக்கிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், 2 போல் மோட்டாரில், அதன் வேகம் நிமிஷத்துக்கு 3000 சுற்று. ரோட்டாருக்குத் தனியாக ஒயர் எதுவும் கிடையாது; புலம் அதைக் கடந்து ஓடுவதால்தான் அதில் கரண்ட் பிறக்கிறது. ஓடும்போது ரோட்டார் சுமார் 2850 சுற்றில் இருக்கும், வித்தியாசம் 150தான். நிற்கும்போதோ முழு 3000. அதனால்தான் கரண்ட் வழக்கத்தைவிட 5 முதல் 7 மடங்கு எகிறுகிறது. சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும்: 6 மடங்கு கரண்ட் என்றால் 36 மடங்கு சூடு. ஓரிரு நொடியில் வேகம் பிடித்துவிட்டால் காயில் தாங்கிக்கொள்ளும்.

இப்போ நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். செங்கம், கீழ்பென்னாத்தூர் பக்கமெல்லாம் ஒரே டிரான்ஸ்பார்மரில் பல கிணறுகள், பலரிடம் ஆட்டோ ஸ்டார்டர். கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் வோல்டேஜ் சரியும். 415 வோல்ட் 300க்கு இறங்கியது என்று வையுங்கள். சுழற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே கிட்டத்தட்டப் பாதிதான் மிஞ்சும். மோட்டார் வேகம் பிடிக்காமல் உறுமிக்கொண்டே இருக்கும். கரண்ட் மட்டும் அப்போதும் 4 மடங்குக்கு மேல். ஓவர்லோடு ரிலே சரியாக வேலை செய்யாவிட்டால் காயில் போச்சு.

ஸ்டார் டெல்டா ஸ்டார்டர் கிளம்பும் கரண்டை மூன்றில் ஒன்றாக்கும். ஆனால் விசையும் மூன்றில் ஒன்றாகிவிடும். ஏற்கெனவே வோல்டேஜ் இல்லாத லைனில் அது மட்டும் போதாது. செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஆட்டோ ஸ்டார்டரில் டைமர் இருந்தால், பக்கத்துக் கிணற்றுக்காரர்களோடு பேசி, ஒருத்தர் 1 நிமிஷம், அடுத்தவர் 2, அதற்கடுத்தவர் 3 என்று மாற்றி வையுங்கள். மணிலாவுக்குத் தண்ணீர் ஒரு நிமிஷம் தாமதமாகப் போனால் ஒன்றும் ஆகாது. காயில் கட்டக் கொடுத்துவிட்டு நாலு நாள் காத்திருந்தால்தான் பயிர் வாடும்.