ஞாயிறு அதிகாலை சந்திர கிரகணம்: வெள்ளானூர் மொட்டை மாடியில் என்ன தெரியும்?

2027 பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை. நிம்மதியாகத் தூங்க வேண்டிய நாள். ஆனால் அன்று அதிகாலை 4.30 மணிக்கு அலாரம் வைத்து மாடிக்குப் போனால் சந்திர கிரகணம் பார்க்கலாம். போனதும், "எங்கப்பா கிரகணம்? நிலா முழுசாத்தானே இருக்கு!" என்றுதான் கேட்கத் தோன்றும். கேள்வியில் தப்பில்லை. காரணம், இது புறநிழல் கிரகணம்.

அது என்ன புறநிழல்?

டியூப்லைட் வெளிச்சத்தில் சுவரில் விழும் கை நிழலைக் கவனித்திருப்பீர்கள். நடுவே கறுப்பாக இருக்கும். ஓரம் மங்கலாகக் கரையும். பூமியின் நிழலும் அப்படித்தான். நடுவில் இருப்பது கருநிழல். அதற்குள் நேரடிச் சூரிய ஒளி போகாது. அதைச் சுற்றியிருப்பது புறநிழல். அங்கே சூரியனின் ஒரு பகுதியை மட்டுமே பூமி மறைக்கும்.

2025 செப்டம்பர் 7 இரவு நிலா சிவந்தது, அது கருநிழலுக்குள் போனதால். இந்த முறை கருநிழலுக்குத் தெற்கே, அதைத் தொடாமலே நிலா நழுவிப் போகிறது. உச்சத்தில் நிலாவின் விட்டத்தில் சுமார் 93 சதவீதம் புறநிழலுக்குள் இருக்கும். அதனால் நிலாவைக் கடித்த மாதிரி தெரியாது; ஒரு பக்கம் புகை படிந்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

எப்போது பார்ப்பது?

இந்திய நேரப்படி அதிகாலை 2.42-க்குத் தொடக்கம், 4.43-க்கு உச்சம், 6.43-க்கு முடிவு. ஆனால் சென்னையில் நிலா 6.30 மணியளவிலேயே மறைந்துவிடும். சூரியனும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் உதிக்கும். கிரகணம் முடிவதை இங்கிருந்து யாரும் பார்க்க முடியாது.

2.42-க்கே எழுந்து உட்கார வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் எதுவும் தெரியாது. 4.15 முதல் 5.15 வரைதான் சரியான நேரம்.

எங்கே பார்ப்பது?

மேற்கே. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. உச்ச நேரத்தில் நிலா அடிவானத்திலிருந்து இரண்டரை முஷ்டி உயரத்தில் இருக்கும். 5.30-க்கு ஒன்றரை முஷ்டிதான். நகர வெளிச்சம் நிலாவைக் கெடுக்காது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கெடுத்துவிடும். நெருக்கமான அடுக்குமாடிகளைவிட, ஆவடியைத் தாண்டி வெள்ளானூர் பக்கம் மேற்கே மறைப்பில்லாத மாடி கிடைத்தால் நல்லது. முந்தைய நாளே இடம் பார்த்து வைத்துவிடுங்கள்.

உச்ச நேரத்தில் நிலாவின் வலது மேல் ஓரத்தைக் கவனியுங்கள். கருநிழலுக்கு மிக அருகில் வருவது அந்த ஓரம்தான். நிலாவுக்கு வலப்பக்கம் பளிச்சென்று தெரியும் நட்சத்திரம் மகம். மாசிப் பௌர்ணமி நிலா அதன் அருகே வருவதைத்தான் நாம் மாசி மகம் என்கிறோம்.

ஏமாறவும் வாய்ப்புண்டு

நிலா கீழே இறங்க இறங்க தூசியும் பனியும் அதை மஞ்சளாக்கும், மங்கலாக்கும். இது எந்தப் பௌர்ணமியிலும் நடப்பதுதான். எப்படிப் பிரித்து அறிவது? அடிவான மங்கல் நிலா முழுக்கப் படரும். கிரகண மங்கல் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இருக்கும்.

மொபைலில் எடுத்தால்?

ஆட்டோ மோடு நிலாவின் மங்கலைச் சரிசெய்ய முயலும். நீங்கள் பார்க்க வந்ததையே அழித்துவிடும். புரோ மோடில் ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் இரண்டையும் மாற்றாமல், உச்சத்தில் ஒரு படம் எடுங்கள். முதல் நாள் இரவு நிலா அதே உயரத்தில் கிழக்கே இருக்கும்போது அதே அளவுகளில் எடுத்த படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பியது படத்தில் சிக்கும்.

சாப்பிடலாமா, வெளியே போகலாமா?

தாராளமாக. நிலாவை வெறும் கண்ணால் பார்ப்பதில் ஆபத்தில்லை. கண்ணாடி, ஃபில்டர் எதுவும் தேவையில்லை. கர்ப்பிணிகள் உட்பட யாரும் பட்டினி கிடக்கவோ, அறைக்குள் அடைந்து கிடக்கவோ அறிவியலில் காரணமே இல்லை. புறநிழல் கிரகணத்தைப் பஞ்சாங்கங்களும் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை ஃபார்வர்டு வந்தால், இதைப் பக்குவமாகச் சொல்லலாம்.

சரி, அலாரம் வைக்கணுமா?

சிவப்பு நிலாதான் வேண்டும் என்றால் தூங்குங்கள். 2028 டிசம்பர் 31 இரவு 10.22-க்கு உச்சமடையும் முழு கிரகணம் இந்தியாவில் தெரியும். புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு எப்படியும் விழித்துத்தான் இருப்பீர்கள். ஆனால் பூமியின் நிழல் எவ்வளவு மென்மையாகத் தொடங்குகிறது என்று கண்ணால் பார்க்க ஆசை இருந்தால், ஒரு ஃபிளாஸ்க் டீயோடு மாடிக்குப் போங்கள். மேகம் மட்டும் வழிவிட வேண்டும்.