ஒளி இறங்காத இடம்

பல்லும் பொறியும் – 9

சென்ற வாரம் பிளாஸ்டர் மாடல் வரை வந்திருந்தோம். அந்த மாடல் கணினிக்குள் போனால்தான் பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பைத் திரையில் வடிவமைக்க முடியும். அதைச் செய்வது லேப் ஸ்கேனர். வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை மைக்ரான்?” விளம்பரத் தாளில் 4, 7, 10 என்று ஏதாவது இருக்கும். அந்த எண் பொய்யல்ல. ஆனால் ஐஎஸ்ஓ 12836 போன்ற தரமுறைகள் சொல்லும் சோதனை உருக்களை வைத்து அளந்தது அது. வேலைக்கு வரும் மாடல்களும், மாடல் ஊற்றாமலே ஸ்கேன் செய்யும் அச்சுகளும் அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே 120 மைக்ரான் வரை இடைவெளி தாங்கும் என்று மக்லீனும் ஃபிரான்ஹோஃபரும் 1971இல் எழுதியதைத்தான் இன்றும் அளவுகோலாகச் சொல்கிறார்கள். அப்படியிருக்க, 4க்கும் 7க்கும் உள்ள வித்தியாசத்தால் எந்தக் கேப்பும் கெட்டுப்போவதில்லை.

எண்ணைவிட அளக்கும் முறைதான் முக்கியம். 1980களில் ஸ்வீடனில் மாட்ஸ் ஆண்டர்சன் தொடங்கிய புரோசெரா என்ற கேப் தயாரிப்பு முறையின் ஸ்கேனர் ஒளியை நம்பவில்லை. நுனியில் சிறு நீலக்கல் உருண்டை வைத்த ஊசி, சுழலும் டையை, அதாவது கேப் போட வேண்டிய ஒற்றைப் பல்லின் மாடலை, தொட்டுத் தடவி அளந்தது. நிறம், பளபளப்பு எதுவும் அதை ஏமாற்றாது. ஆனால் உருண்டையைவிடக் குறுகிய பள்ளத்துக்குள் அது நுழையாது.

ஒளி ஸ்கேனரின் சிக்கல் வேறு. புரொஜெக்டர் வரிவரியாக ஒளி பாய்ச்சும். வேறொரு கோணத்தில் இருக்கும் கேமரா, அந்த வரிகள் வளைவதைப் பார்த்து ஆழத்தைக் கணக்கிடும். ஆகவே ஒரு புள்ளி பதிவாக வேண்டுமானால் புரொஜெக்டரின் ஒளியும் கேமராவின் பார்வையும் அதன்மேல் விழ வேண்டும். கிணற்றின் அடிவரை உச்சிவெயில்தான் இறங்கும். சாய்ந்த வெயில் சுவரோடு நின்றுவிடும். கீழ் முன்பற்களின் அச்சும் அப்படித்தான், ஆழமும் குறுகலுமாக இருக்கும். கேமராவைப் புரொஜெக்டருக்கு நெருக்கமாக வைத்தால் ஆழம் வரை தெரியும், ஆனால் ஆழத்தின் அளவு தடுமாறும். விலக்கி வைத்தால் அளவு துல்லியமாகும், பள்ளம் மறைந்துபோகும். எந்த நிறுவனமும் இந்த இழுபறியிலிருந்து தப்பவில்லை. டென்மார்க்கின் 3ஷேப் டி2000, கொரியாவின் மெடிட் டி710 இரண்டிலும் நான்கு கேமராக்கள் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுவே என்பது என் கணிப்பு. ஆனால் மாடலைத் தாங்கும் தட்டு போதுமான அளவு சாயாவிட்டால் நான்கு கேமராவும் ஒரே சுவரைத்தான் பார்க்கும். கேமரா எத்தனை என்பதற்கு முன், தட்டு எவ்வளவு சாயும் என்று கேளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது மென்பொருள். ஒளி எட்டாத ஓட்டையை அது தானாகவே வழவழப்பாக நிரப்பிவிடுகிறது. திரையில் பார்க்க அழகாக இருக்கும். அந்த ஓட்டை, கேப்பின் விளிம்பு பல்லைச் சந்திக்கும் மார்ஜின் கோட்டில் விழுந்திருந்தால் கேப் சரியாக மூடாது. உள்ளே கிருமி தங்கி, நோயாளி அந்தப் பல்லையே இழக்கலாம். ஓட்டையை ஓட்டையாகவே காட்டும் ஸ்கேனர்தான் நேர்மையான ஸ்கேனர்.

பளபளக்கும் உலோகத்துக்குப் பவுடர் தெளிக்க வேண்டும். அந்தப் படலமும் அளவில் சேர்ந்துவிடும். முன்பக்கம் திறந்த ஸ்கேனரில் மாடலை வைத்து எடுப்பது வேகம், மேல் கீழ் மாடல்களைப் பொருத்தும் ஆர்ட்டிகுலேட்டருக்கும் இடம் தாராளம். கதவுள்ள பெட்டி ஒவ்வொரு முறையும் நேரம் பிடிக்கும், ஆனால் வெளி வெளிச்சத்தையும் தூசியையும் தடுக்கும். நீல ஒளியும் வடிகட்டியும் வந்தபின் வெளிச்சத் தொல்லை பெரிதும் குறைந்திருக்கிறது. தூசித் தொல்லை குறையவில்லை. பிளாஸ்டர் தேய்க்கும் அறையிலேயே ஸ்கேனரையும் வைக்கும் சிறு லேப்புக்கு நான் கதவுள்ளதையே சொல்வேன்.

இன்னொரு குறை ஒளியியலில் இல்லை, கோப்பில் இருக்கிறது. புரோசெராவில் எடுத்த அளவுகள் மோடம் வழியாக ஸ்டாக்ஹோமுக்குப் போய், அங்கேதான் கேப்பின் உள்கூடு தயாரானது. இன்று ஸ்கேனை எஸ்டிஎல் என்ற முப்பரிமாணக் கோப்பாக வெளியே எடுத்து யாரிடமும் கொடுக்கலாம். அதற்கு வழி விடாத, அல்லது ஆண்டுச் சந்தா கட்டினால்தான் விடும் கருவியை எவ்வளவு துல்லியமானாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விற்பனையாளர் செய்துகாட்ட வரும்போது அவர் கொண்டுவரும் மாடலை ஒதுக்கிவிட்டு, உங்கள் லேப்பிலேயே மிக ஆழமான அச்சைக் கொடுங்கள். ஓட்டை நிரப்பும் வசதியை அணைக்கச் சொல்லுங்கள். இரண்டு முறை ஸ்கேன் செய்து, இரண்டு கோப்புகளையும் வேறொரு மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பாருங்கள். கேப்பின் கோப்பை வாங்கிக்கொண்டு, சிர்கோனியா என்ற பீங்கானைக் கடையும் மில்லிங் இயந்திரம் பற்றி அடுத்த வாரம்.