1951 சான் பிரான்சிஸ்கோ டான்ஸ் காற்பந்து அணி

1951 சான் பிரான்சிஸ்கோ டான்ஸ் காற்பந்து அணி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் சார்பாக 1951 ஆம் ஆண்டுப் பருவத்தில் ஆடிய அமெரிக்கக் காற்பந்து அணியாகும். இயேசு சபையினர் நடத்தும் இச்சிறிய பல்கலைக்கழகத்தின் அணி அப்பருவத்தில் தான் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. ஆயினும் பருவ இறுதியில் நடைபெறும் சிறப்பு ஆட்டங்கள் எதற்கும் அது அழைக்கப்படவில்லை. அணியிலிருந்த இரு கறுப்பின வீரர்களே அதற்குக் காரணம் எனப் பரவலாகக் கருதப்படுகிறது.

(இங்கு காற்பந்து எனக் குறிப்பிடப்படுவது நம் நாட்டில் ஆடப்படும் காற்பந்து அன்று. நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்க விளையாட்டு ஆகும்.)

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின், அரசின் கல்வி உதவியுடன் படிக்க வந்த முன்னாள் படைவீரர்களால் அமெரிக்கக் கல்லூரிகள் நிரம்பின. டான்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர் கீனோ மார்க்கெட்டியும் ஐரோப்பியப் போர்முனையில் பணியாற்றியவரே. ஆனால் சிறிய கத்தோலிக்கக் கல்லூரிகளுக்குக் காற்பந்து பெருஞ்செலவாக இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் தொழில்முறை அணியான போர்ட்டிநைனர்சும் அதே கெசார் அரங்கில் ஆடி வந்ததால் பார்வையாளர்கள் பிரிந்தனர். அருகிலிருந்த செயிண்ட் மேரீசு கல்லூரி 1950 பருவத்துடன் தன் அணியைக் கலைத்துவிட்டது.

அணியின் பயிற்சியாளர் ஜோ குஹாரிச் கண்டிப்பு மிக்கவர். பருவத்திற்கு முன் வீரர்களைக் கோர்னிங் என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்று கடும் வெயிலில் பயிற்சி அளித்தார். செய்தித் தொடர்பைக் கவனித்தவர் பீட் ரோசெல் என்ற இளைஞர். இவரே பின்னர் 1960 முதல் 1989 வரை தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் ஆணையராக விளங்கினார்.

1951 பருவம்

அணியின் முதன்மை வீரர் ஆலி மேட்சன். பந்தை ஏந்தி ஓடுவதில் அப்பருவத்தில் 1,566 யார் தூரம் கடந்து நாட்டிலேயே முதலிடம் பெற்றார். 21 முறை எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளிகள் சேர்த்தார். தடுப்பிலும் இவரே ஆடினார் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஐசுமன் விருது வாக்கெடுப்பில் இவருக்கு ஒன்பதாம் இடமே கிடைத்தது. தடுப்பு வரிசையில் மார்க்கெட்டி, பாப் செயிண்ட் கிளேர் ஆகியோருடன் பர்ல் டோலரும் இருந்தார். மேட்சனும் டோலரும் கறுப்பினத்தவர்.

அணியின் எதிராளிகள் அனைவரும் வலிமையானவர்கள் அல்லர். சான் ஓசே மாநிலக் கல்லூரியுடன் இருமுறை ஆடினர். இரு ஆட்டங்கள் படைத்தள அணிகளுக்கு எதிரானவை. நியூயார்க்கில் போர்தாம் பல்கலைக்கழகத்துடன் நடந்த ஆட்டமே மிகவும் நெருக்கமானது. அதில் எதிரணி உதைத்தனுப்பிய பந்தை மேட்சன் இருமுறை முழு ஆடுகளத்தையும் கடந்து கொண்டுசென்றார். டான்ஸ் 32-26 என வென்றது. நவம்பரில் ஸ்டாக்டனில் பசிபிக் கல்லூரியை 47-14 எனத் தோற்கடித்த பிறகு சிறப்பு ஆட்ட அழைப்பு உறுதி என்றே வீரர்கள் நம்பினர். இறுதி ஆட்டத்தில் லயோலா அணியை 20-2 என வென்றனர்.

அழைப்பு மறுக்கப்படுதல்

அக்காலத்தில் கல்லூரி அணிகளுக்குத் தேசிய வாகையர் போட்டி எதுவும் இல்லை. புத்தாண்டை ஒட்டி நடக்கும் 'பவுல்' எனப்படும் சிறப்பு ஆட்டங்களுக்கு அணிகளை அழைப்பது பெரும்பாலும் அந்தந்த ஆட்டத்தின் ஏற்பாட்டுக் குழுவினரின் விருப்பத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் ஆட்டம் இரு குறிப்பிட்ட கல்லூரிக் கூட்டமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. டான்ஸ் எக்கூட்டமைப்பையும் சேராத அணி. லயோலாவுடனான இறுதி ஆட்டம் அதே ரோஸ் பவுல் அரங்கில் நடந்தது என்பது சற்று முரணான செய்தி.

எஞ்சியவை ஆரஞ்சு, சுகர், கேட்டர் போன்ற ஆட்டங்கள். இவை இனப்பிரிவினை நிலவிய தென் மாநிலங்களில் நடந்தவை. மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு கிடைக்கும் என அணிக்குத் தெரிவிக்கப்பட்டதாகவும், வெள்ளையின வீரர்கள் தயக்கமின்றி மறுத்ததாகவும் அவ்வணியினர் பிற்காலத்தில் கூறியுள்ளனர். அச்செய்தி எவர் வழியாக, எவ்வளவு முறையாக வந்தது என்பதில் நினைவுக் குறிப்புகள் வேறுபடுகின்றன. எளிய எதிராளிகளுடன் ஆடியதே காரணம் என்ற வாதமும் உண்டு. அவ்வாதத்தில் ஓரளவு உண்மை இருந்தாலும் அது முழு விளக்கம் ஆகாது. அசோசியேட்டட் பிரசு இறுதித் தரவரிசையில் டான்ஸ் 14 ஆம் இடம் பெற்றது. அப்பட்டியலில் டான்சுக்குக் கீழே இருந்த கிளெம்சன் அணி கேட்டர் பவுலுக்கு அழைக்கப்பட்டது.

அழைப்பு வந்திருந்தால் கிடைக்கும் பங்குத்தொகை பல்கலைக்கழகத்தின் பற்றாக்குறையைக் குறைத்திருக்கும். அது கிடைக்காத நிலையில், அப்பருவத்துடன் காற்பந்து கைவிடப்பட்டது. தோல்வியே காணாத ஓர் அணி அடுத்த ஆண்டு இல்லாமலே போயிற்று. பின்னர் சிறிய அளவில் மீண்டும் தொடங்கப்பட்ட காற்பந்து 1971 பருவத்திற்குப் பின் முற்றாக நிறுத்தப்பட்டது.

வீரர்களின் பிற்கால வாழ்வு

குஹாரிச் 1952 இல் சிகாகோ கார்டினல்சு அணியின் பயிற்சியாளரானார். அதே அணி மேட்சனைத் தேர்ந்தெடுத்தது. மேட்சன் 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் வெள்ளியும் வென்றார். 1959 இல் இவர் ஒருவரைப் பெறுவதற்காக லாஸ் ஏஞ்சலஸ் ராம்சு அணி ஒன்பது வீரர்களை ஈடாகக் கொடுத்தது. மார்க்கெட்டி பால்டிமோர் கோல்ட்சு அணியிலும், செயிண்ட் கிளேர் போர்ட்டிநைனர்சு அணியிலும் புகழ்பெற்றனர். மூவரும் தொழில்முறைக் காற்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றுள்ளனர். ரோசெல் 1985 இல் அங்கு சேர்க்கப்பட்டார்.

டோலரின் ஆட்ட வாழ்வு 1952 இல் ஏற்பட்ட முழங்கால் காயத்தால் முடிவுற்றது. ஆசிரியப் பணியில் சேர்ந்த அவர் சான் பிரான்சிஸ்கோவில் பள்ளி முதல்வராக உயர்ந்தார். 1965 இல் தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் முதல் கறுப்பின நடுவரானார். 1980 இல் சூப்பர் பவுல் இறுதியாட்டத்திலும் நடுவராகப் பணியாற்றினார். 2009 இல் மறைந்தார். 2017 இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் தன் மாணவர் விடுதி ஒன்றுக்கு டோலரின் பெயரைச் சூட்டியது.