வீட்டிலேயே ஒலிப்பதிவு: மிக்சரும் கணிப்பொறியும்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், இரண்டாம் தலைமுறையினர் தமிழை நன்றாகப் பேசுவர். மூன்றாம் தலைமுறையினர் கேட்டால் புரிந்துகொள்வர். ஆனால் அவர்களுள் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் சிலரே. பள்ளியில் அவர்கள் கற்பது மலையாளம், இந்தி, ஆங்கிலம் என்று அமைந்துவிடுகிறது. ஆகவே, பாட்டியின் தாலாட்டையும், கலியாண வீட்டு நலங்குப் பாட்டையும் நோட்டில் எழுதி வைத்தால் பேரப்பிள்ளைகளுக்கு அதனால் விளையும் பயன் குறைவே. அவற்றைப் பாட்டியின் குரலிலேயே பதிவு செய்து வைத்தால், எழுத்தறியாத பிள்ளையும் கேட்டு மகிழலாம். கேட்டுக் கற்கவும் செய்யலாம்.

நான் வசிக்கும் மட்டாஞ்சேரியின் வரலாறே இதற்குச் சான்றாக உள்ளது. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எனப் பல மொழிகள் அடுத்தடுத்த தெருக்களில் ஒலிக்கும் ஊர் இது. 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயம் இன்றும் இங்கே நிற்கிறது. கேரளத்து யூதப் பெண்கள் திருமணங்களிலும் திருநாட்களிலும் மலையாளத்தில் பாட்டுகள் பாடி வந்தனர். அவற்றைத் தம் கையாலேயே நோட்டுகளில் எழுதியும் வைத்தனர். 1950-களில் அச்சமூகத்தாருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே பிறந்த பிள்ளைகளின் மொழி எபிரேயம் ஆயிற்று. நோட்டுகள் இருந்தன, படிக்கவல்லார் குறைந்தனர், நோட்டிலோ சொல் உண்டே தவிர மெட்டு இல்லை. பார்பரா ஜான்சன், ஸ்கறியா சக்கரியா முதலிய ஆய்வாளர்கள் இந்நோட்டுகளை ஆராய்ந்தனர். பாடத் தெரிந்த மூதாட்டியர் உயிருடன் இருந்தபோதே அவர்களுடைய குரல்களும் பதிவு செய்யப்பட்டன. ஜெருசலேமிலுள்ள யூத இசை ஆராய்ச்சி மையம் அப்பாட்டுகளை 2004-இல் குறுந்தட்டாக வெளியிட்டது. அந்தப் பதிவுகள் இல்லையேல், அப்பாட்டுகள் எவ்வாறு ஒலித்தன என்பதை இன்று எவரும் அறிய வழி இராது.

அக்காலத்தில் இதற்கு ஆராய்ச்சியாளர்களும் நாடாக் கருவிகளும் வேண்டியிருந்தன. இன்று ஒரு சிறு யு.எஸ்.பி. மிக்சர், ஒரு மைக், ஒரு ஹெட்போன், வீட்டிலுள்ள கணிப்பொறி ஆகிய நான்கும் போதும். பதிவு செய்யும் மென்பொருள்களுள் ஆடாசிட்டி என்பது விலையின்றிக் கிடைப்பது. 2000-ஆம் ஆண்டு முதல் வழக்கில் இருப்பது. ஆயினும், கருவிகளை வாங்கிய பலர் அவற்றை இணைக்கும் முறை அறியாது பெட்டியிலேயே வைத்துவிடுகின்றனர். அம்முறையைப் படிப்படியாகக் காண்போம்.

மிக்சர் செய்யும் வேலை யாது? மைக்கிலிருந்து வரும் மின்னலை மிகவும் நலிந்தது. ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே இருக்கும். மிக்சர் முதலில் அதைப் பெருக்குகிறது. பின்னர், பல வழிகளில் வரும் ஒலிகளை வேண்டிய அளவில் கலக்கிறது. யு.எஸ்.பி. வசதி உள்ள மிக்சரில் மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு: அது மின்னலையை எண்களாக மாற்றிக் கணிப்பொறிக்கு அனுப்புகிறது.

அலை எவ்வாறு எண்ணாகும்? மட்டாஞ்சேரி மிளகு வணிகர் மூட்டையில் குத்தூசியைச் செலுத்திச் சிறிது மிளகை மாதிரியாக எடுத்து, அதைக் கொண்டே மூட்டையின் தரத்தை மதிப்பிடுவார். மிக்சரும் ஒலியலையிலிருந்து மாதிரி எடுக்கிறது. ஆனால் ஒரு நொடிக்கு 44,100 முறை அல்லது 48,000 முறை எடுக்கிறது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அதைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேற்பட்ட மாதிரிகள் இருந்தால், அலையைக் குறைவின்றித் திரும்ப உருவாக்கலாம் என்பது விதி. 1982-இல் வந்த குறுந்தட்டின் 44,100 என்ற எண்ணும் இக்கணக்குக்குப் பொருந்துவதே.

இனி இணைக்கும் முறைக்கு வருவோம். முதலில் மிக்சரின் குமிழ்களையெல்லாம் குறைந்த அளவில் வைக்க வேண்டும். அடுத்து, மூன்று முனை கொண்ட எக்ஸ்.எல்.ஆர். கம்பியால் மைக்கை மிக்சரின் முதல் வழியில் செருக வேண்டும். மைக் கண்டென்சர் வகையைச் சேர்ந்ததாயின் அதற்கு 48 வோல்ட் மின்சாரம் மிக்சரிலிருந்தே செல்ல வேண்டும். ‘பாண்டம் பவர்’ என்ற பொத்தான் அதற்கென்றே உள்ளது. மேடைகளில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகை மைக்குக்கு அது வேண்டியதில்லை. பிறகு மிக்சரை இயக்கி, யு.எஸ்.பி. கம்பியால் கணிப்பொறியுடன் இணைத்து, இறுதியாக மென்பொருளைத் திறக்க வேண்டும். மென்பொருள் முன்னரே திறந்திருந்தால் புதிதாக வந்த கருவி அதற்குத் தெரியாது. அதை மூடித் திறக்க வேண்டும், அல்லது ‘ரீஸ்கேன்’ என்ற கட்டளையைத் தர வேண்டும்.

மென்பொருளில் பதிவுக் கருவி எது என்று நாமே காட்ட வேண்டும். காட்டாவிடில், அது மடிக்கணினியின் உள்ளே அமைந்த சிறு மைக்கையே எடுத்துக்கொள்ளும். விலை கொடுத்து வாங்கிய மைக்கின் முன்னே பாட்டி பாடிக்கொண்டிருக்க, மடிக்கணினியோ மின்விசிறியின் இரைச்சலோடு தன் சொந்த மைக்கில் பதிவு செய்துகொண்டிருக்கும். ஆகவே கருவிப் பட்டியலில் மிக்சரின் பெயரைத் தேடித் தெரிந்தெடுக்க வேண்டும். சில மிக்சர்கள் தம் பெயரைச் சொல்லாமல், ‘யு.எஸ்.பி. ஆடியோ கோடெக்’ என்ற பொதுப் பெயரால் தோன்றும். மைக்கின் மேல் விரலால் மெல்லத் தட்டினால், திரையிலுள்ள அளவுகோல் துள்ள வேண்டும். துள்ளாவிடில், மைக்கைப் பயன்படுத்தும் அனுமதி அம்மென்பொருளுக்கு உண்டா என்பதைக் கணிப்பொறியின் அமைப்புகளில் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஒலியின் அளவு. இதுவே எல்லாவற்றிலும் முதன்மையானது. பாடுபவரைத் தம் உச்சக் குரலில் ஓர் அடி பாடச் சொல்லி, ‘கெயின்’ என்ற குமிழைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். மென்பொருளின் அளவுகோலில் 0 டெசிபல் என்பது எல்லை. உச்சக் குரல் கழித்தல் 12-க்கும் கழித்தல் 6-க்கும் இடையே நிற்பது நலம். எல்லையைத் தாண்டிய ஒலியின் உச்சி வெட்டுண்டு போகும்; அக்கரகரப்பை எந்த மென்பொருளும் முழுமையாகச் சீர்செய்ய இயலாது. குறைந்த ஒலியைப் பின்னர் உயர்த்தலாம். வெட்டுண்ட ஒலியை மீட்க முடியாது. எண்பது வயதுப் பாட்டி அதே பாட்டை அதே உருக்கத்தோடு மற்றொரு முறை பாடுவார் என்பதற்கு உறுதியும் இல்லை.

இணைத்தவுடன் பலர் காணும் இடர் ஒன்று உண்டு; பாடியது எதிரொலித்து எதிரொலித்துப் பெருகும். அதன் காரணம் எளிது. யு.எஸ்.பி. வழியில் ஒலி இருபுறமும் செல்லும். மிக்சரிலிருந்து சென்ற ஒலியைக் கணிப்பொறி உடனே திருப்பி அனுப்ப, மிக்சர் அதையும் கலந்து மறுபடி அனுப்ப, செக்குமாடு போல் ஒலி சுற்றிச் சுற்றி வருகிறது. மென்பொருளில், பதியும்போதே ஒலிக்கச் செய்யும் அமைப்பை நீக்கிவிட்டால் இச்சுற்று அறுபடும். கணிப்பொறியின் ஒலியை ஹெட்போனுக்கு மட்டும் அனுப்பும் பொத்தான் மிக்சரில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஹெட்போனை மிக்சரிலேயே செருகுவது முறை. கணிப்பொறி வழியே சென்று திரும்பும் குரல் சற்றுத் தாமதித்து வரும். அது பாடுபவரின் தாளத்தைக் குலைக்கும். மிக்சரில் நேரே கேட்டால் அத்தாமதம் இல்லை.

மற்றொன்றும் அறிய வேண்டும். மிக்சரில் நான்கு, எட்டு வழிகள் இருந்தாலும், விலை குறைந்த வகைகள் எல்லாவற்றையும் கலந்து இடம், வலம் என்ற இரண்டு தடங்களாகவே கணிப்பொறிக்கு அனுப்பும். பாட்டும் சுருதிப்பெட்டியும் ஒருமுறை கலந்துவிட்டால், பாலில் கலந்த நீர் போலத்தான், பிரிப்பது கடினம். இதற்கு ஓர் உபாயம் உண்டு. குரலின் ‘பான்’ குமிழை முற்றிலும் இடப்புறமும், சுருதிப்பெட்டியின் குமிழை முற்றிலும் வலப்புறமும் திருப்பிவிட்டால், இரண்டும் தனித்தனித் தடங்களில் பதியும். ஆடாசிட்டியில் இரட்டைத் தடத்தைப் பிரிக்கும் கட்டளை உண்டு. அதன்பின் ஒவ்வொன்றின் அளவையும் வேண்டியவாறு அமைக்கலாம்.

கருவிகளைப் போலவே அறையையும் கவனிக்க வேண்டும். மட்டாஞ்சேரியின் பழைய ஓட்டு வீடுகளில், உயர்ந்த கூரையும் வெற்றுச் சுவரும் எதிரொலியை எழுப்பும். துணிமணிகள் அடுக்கிய அலமாரியும் மெத்தையும் உள்ள படுக்கையறை இதற்கு ஏற்றது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். பருவமழை ஓட்டின் மேல் கொட்டும்போது பதிவு செய்யலாகாது. கடற்காற்றின் ஈரமும் உப்பும் மைக்கையும் செருகு முனைகளையும் கெடுக்கும். ஆதலால் வேலை முடிந்ததும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது நன்று. இடைவிடாத ‘உம்’ என்ற இரைச்சல் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இரைச்சல் நின்றால் அது மின்வழியாக வந்தது என்பது தெளிவு. பாட்டரியிலேயே பதிவை முடிக்கலாம்.

பதிந்ததை எவ்வாறு காப்பது? நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட், இரட்டைத் தடம் என்ற அளவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 1 ஜிகாபைட் இடம் கொள்ளும். மூலப்பிரதியை ‘வேவ்’ அல்லது ‘ஃபிளாக்’ வடிவில் வைக்க வேண்டும். உறவினருக்குக் கைப்பேசியில் அனுப்ப எம்.பி.3 போதும், ஆனால் சுருக்கும்போது இழந்த ஒலி அதில் திரும்பி வராது என்பதை நினைவிற் கொள்க. ஒரு பிரதி கணிப்பொறியிலும், ஒன்று தனி வட்டிலும், ஒன்று வேறோர் ஊரிலுள்ள உறவினரிடமும் இருத்தல் நலம்.

வானொலி நிலையங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. நிகழ்ச்சிக்கு முன் அறிவிப்பாளர் பாடுபவர் யார், பாடுவது யாது என்று சொல்வார். நாமும் பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், பாடுபவரின் பெயர், அவர் பிறந்த ஊர், பாட்டு எந்தச் சடங்குக்கு உரியது, யாரிடம் கற்றது என்பனவற்றை வாயாலேயே சொல்லிப் பதிய வேண்டும். கோப்பின் பெயர் மாறலாம்; ஒலியோடு கலந்த விவரம் பிரியாது. பாடுபவரிடம் பதிவுக்கும், பிறருக்கு அனுப்புவதற்கும் முன்னரே இசைவு பெறுதல் மரியாதையாகும்.

கொச்சியில் மட்டுமன்று, மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் நம் குடும்பங்களில் இத்தகைய பாட்டுகள் சில பெரியவர்களின் நினைவில் மட்டும் தங்கியுள்ளன. தஞ்சைத் தாலாட்டு ஒரு மெட்டு, நெல்லைத் தாலாட்டு வேறொரு மெட்டு. அவற்றோடு அவ்வவ்வூர்ப் பேச்சின் சாயலும் கலந்திருக்கும். மேலும் சிறந்த கருவி வரட்டும் என்று காத்திருப்பவர், அதுவரை பாட்டி பாடுவார் என்று எண்ணிக்கொள்கிறார். இன்று கையிலிருக்கும் கருவியை ஒழுங்காக இணைத்து, அளவைச் சரிபார்த்து, ஒரே ஒரு பாட்டை முதலில் பதிவு செய்யுங்கள். அதை அவருக்கே ஹெட்போனில் போட்டுக் காட்டுங்கள். தம் குரலைத் தாமே கேட்டவர், மறந்திருந்த அடுத்த பாட்டையும் நினைவுகூர்ந்து பாடத் தொடங்குவார்.